லியோஷ் யானாச்செக்: திருத்தப்பட்ட இசை, மீட்கப்பட்ட இசை

லியோஷ் யானாச்செக் (ஜூலை 3, 1854 – ஆகஸ்ட் 12, 1928) மொராவியாவில் பிறந்த செக் இசையமைப்பாளர். இசையாசிரியர், நாட்டார் பாடல் சேகரிப்பாளர், இதழ்களில் தொடர்ந்து எழுதியவர். செக் செவ்வியல் இசையில் ஸ்மெத்தனா, துவோர்ஷாக் ஆகிய இருவருக்கு அடுத்த பெரும் பெயராகக் கருதப்படுகிறார். ஓபரா எனப்படும் இசைநாடகமே அவருடைய முதன்மைக் களம்.

யானாச்செக் அறுபது வயதைக் கடந்த பிறகே புகழ் பெற்றார் என்பது அவரைப் பற்றி எல்லா நூல்களிலும் காணப்படும் செய்தி. அது உண்மை. ஆனால், அந்தப் புகழைத் தேடித் தந்த இசை அவர் எழுதிய வடிவில் இல்லை என்பது அதே அளவுக்கு முக்கியமான செய்தி. அவருடைய முதல் பெரும் படைப்பு முதல் இறுதிப் படைப்பு வரை பிறர் கைபட்டே மேடையேறின. அவர்களில் எதிரிகள் மட்டுமன்றி நண்பர்களும் மாணவர்களும் உண்டு. பிழை என்று அவர்கள் கருதியவை பல, அவருடைய இசையின் அடிப்படை இயல்புகள் என்பது பின்னாளில் தெரியவந்தது. இக்கட்டுரை அவருடைய வாழ்வையும் படைப்புகளையும் அந்தக் கோணத்தில் மதிப்பிடுகிறது.

பிறப்பு, கல்வி

யானாச்செக் அன்றைய ஆஸ்திரியப் பேரரசின் பகுதியாக இருந்த மொராவியாவில், கோட்டை இடிபாடு ஒன்றின் அடியில் அமைந்த ஹுக்வால்டி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை யிர்ஷி பள்ளி ஆசிரியர். தாத்தாவும் ஆசிரியர். அக்காலத்துக் கிராமப் பள்ளி ஆசிரியர் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பதும் பாடகர் குழுவைப் பயிற்றுவிப்பதும் வழக்கம். ஆகவே இசையும் ஆசிரியத் தொழிலும் அவருக்குக் குடும்பச் சொத்தாக வந்தன.

1865-ல், பதினோரு வயதில், பிர்னோ நகரின் ஆகஸ்டினிய மடாலயத்தில் பாடகர் குழுச் சிறுவனாகச் சேர்க்கப்பட்டார். அங்கே பாவெல் கிரிஷ்கோவ்ஸ்கி அவருடைய இசை ஆசான். மரபியலின் தந்தை எனப்படும் கிரிகோர் மெண்டல் 1868 முதல் அதே மடாலயத்தின் தலைவராக இருந்தார். யானாச்செக் மடாலயத்தில் சேர்ந்த மறு ஆண்டே தந்தை இறந்தார். பிறகு ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் படித்து, 1874-ல் பிராக் நகரின் ஆர்கன் பள்ளியில் சேர்ந்தார். துவோர்ஷாக்கின் நட்பு வாய்த்தது. 1877-ல் இருவரும் பொஹீமியாவில் நடைப்பயணம் சென்றனர். 1879–80-ல் லைப்சிக், வியன்னா ஆகிய நகரங்களில் சில மாதங்கள் பயின்றார். இரண்டிலும் நிறைவு கொள்ளாமல் பிர்னோவுக்குத் திரும்பினார்.

ஆசிரியப் பணி

1881-ல் பிர்னோவில் ஆர்கன் பள்ளியைத் தொடங்கி 1919 வரை அதன் இயக்குநராக இருந்தார். அப்பள்ளியே பின்னர் பிர்னோ இசைக் கல்லூரியாக வளர்ந்தது. கூடவே ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் ஏறத்தாழ ஐம்பது வயது வரை இசை கற்பித்தார். உயர்நிலைப் பள்ளியொன்றிலும் பாட்டு வகுப்பு எடுத்தார். இசையமைப்புக்கு மாலை நேரமும் விடுமுறையுமே மிஞ்சின. அவருடைய முதல் ஐம்பது ஆண்டுகளில் பெரிய படைப்புகள் குறைவாக இருப்பதற்கு இது எளிய காரணம். இதைக் கணக்கில் கொள்ளாமல் 'தாமதமாக மலர்ந்த மேதை' என்று மட்டும் சொல்வது பாதிச் செய்தியே.

1888 முதல் மொழியறிஞர் ஃபிரான்டிஷெக் பார்டோஷுடன் இணைந்து மொராவிய நாட்டார் பாடல்களைச் சேகரித்தார். கிராமத்தார் பாடும்போது தாளமும் மெட்டும் பேச்சின் ஏற்ற இறக்கத்தைப் பின்பற்றுவதை அப்பணியில் நேரில் கண்டார். அவருடைய இசைக்கொள்கை இங்கிருந்தே கிளைத்தது.

பேச்சு மெட்டு

ஏறத்தாழ 1897 முதல் யானாச்செக் தன் குறிப்பேட்டில் மனிதர்களின் பேச்சை இசைக்குறிப்புகளாக எழுதத் தொடங்கினார். சந்தையில் பேரம் பேசுபவர், ரயில் நிலையத்தில் கூப்பிடுபவர், விளையாடும் குழந்தை என யார் பேசினாலும் அந்தப் பேச்சின் சுருதியையும் கால அளவையும் ஐந்து கோடுகளில் பதிந்தார். அருகே பேசியவர் யார், எந்தச் சூழலில் பேசினார் என்பதையும் குறித்தார். இவற்றைப் 'பேச்சு மெட்டுகள்' எனலாம். பறவைகளின் ஒலியையும் இவ்வாறே எழுதினார். இப்பழக்கம் வாழ்நாள் இறுதி வரை தொடர்ந்தது.

இரவீந்திரநாத் தாகூர் 1921-ல் பிராக் வந்தபோது யானாச்செக் அவருடைய உரையைக் கேட்டார். வங்க மொழி அவருக்குப் புரியாது. ஆனாலும் தாகூரின் குரலின் ஏற்ற இறக்கங்களைக் குறித்துக்கொண்டு 'லிடோவே நோவினி' நாளிதழில் எழுதினார். மறு ஆண்டு தாகூரின் கவிதையொன்றை 'அலையும் பித்தன்' என்ற ஆண்கள் சேர்ந்திசையாக அமைத்தார்.

பேச்சு மெட்டு என்பதைச் சிலர் தவறாகப் புரிந்துகொண்டனர். தெருவில் கேட்டதை நாடகத்தில் ஒட்டுகிறார் என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. சேகரித்த மெட்டுகளைத் தன் நாடகங்களில் எடுத்தாள்வதில்லை என்று யானாச்செக் மறுத்தார். ஓவியன் தினமும் கோட்டுச்சித்திரம் வரைந்து கையைப் பழக்குவதுபோல அவர் காதைப் பழக்கினார். ஒருவர் ஒரு சொல்லைக் கோபத்தில் சொல்வதற்கும் அச்சத்தில் சொல்வதற்கும் என்ன வேறுபாடு என்பதே அவருக்கு வேண்டியிருந்தது. அந்த வேறுபாட்டைச் சில சுரங்களில் காட்டும் திறனே அவருடைய நாடகங்களின் வலிமை.

இப்பழக்கத்தில் நம்மைத் துணுக்குறச் செய்யும் பக்கமும் உண்டு. மகன் விளாதிமீர் 1890-ல் இரண்டு வயதில் இறந்தான். மகள் ஓல்கா 1903 பிப்ரவரியில், இருபது வயதில், நெடுநாள் நோயுற்று இறந்தாள். அவளுடைய இறுதி நாட்களின் சொற்களையும் மூச்சொலியையும் தந்தை இசைக்குறிப்பாக எழுதி வைத்தார். இதைக் கல்நெஞ்சம் என்பவர்கள் உண்டு. இழப்பைத் தாங்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுவே என்பவர்களும் உண்டு. எழுதியதை அவர் மேடைக்குப் பயன்படுத்தவில்லை, அழிக்காமல் காத்தார் என்பதைக் கருதினால் இரண்டாவது கருத்தே பொருத்தமானது.

யெனூஃபா

யானாச்செக்கின் முதல் பெரும் படைப்பு 'யெனூஃபா'. 'அவளுடைய மாற்றாந்தாய் மகள்' என்று பொருள்படும் தலைப்பில் கப்ரியேலா பிரெய்சோவா எழுதிய நாடகமே இதன் மூலம். செய்யுளாக மாற்றாமல், நாடகத்தின் உரைநடையையே சுருக்கி இசையமைத்தார். அக்காலத்து ஓபராவில் அது துணிச்சலான முடிவு.

மொராவியக் கிராமத்தில் யெனூஃபா என்னும் பெண் ஆலை முதலாளி ஷ்டேவாவால் கருவுறுகிறாள். அவளை விரும்பும் லாட்சா பொறாமையில் அவள் கன்னத்தைக் கத்தியால் கீறுகிறான். ஊரில் மதிப்புப் பெற்ற அவளுடைய மாற்றாந்தாய் கொஸ்டெல்னிச்கா அவளை வீட்டில் மறைத்து வைக்கிறாள். குழந்தை பிறக்கிறது. ஷ்டேவா மணக்க மறுக்கிறான். மணக்க முன்வரும் லாட்சா குழந்தையைப் பற்றி அறிந்ததும் தயங்குகிறான். மகளின் வாழ்வைக் காப்பதாக எண்ணிக் கொஸ்டெல்னிச்கா சிசுவை உறைந்த ஆற்றில் மூழ்கடிக்கிறாள். திருமண நாளில் பனிக்கட்டிக்கு அடியிலிருந்து உடல் கிடைக்கிறது. அவள் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாள். யெனூஃபா அவளை மன்னிக்கிறாள்.

இந்தக் கதை வெறும் பரபரப்பாக முடிந்திருக்கலாம். யானாச்செக்கின் இசை கொஸ்டெல்னிச்காவைக் கொடியவளாகக் காட்ட மறுப்பதால் அது உயர்ந்த அவல நாடகமாகிறது. கொலைக்கு முன் அவள் தனியே பேசும் காட்சியில் இசை அவளுடைய மானத்தையும் பாசத்தையும் அச்சத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகத் துண்டு துண்டாகக் காட்டுகிறது. இணைப்பு இசை இன்றி ஓர் உணர்விலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறது. கலங்கிய மனம் அப்படித்தான் தாவும்.

ஓல்கா இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் யானாச்செக் இந்நாடகத்தை அவளுக்குப் பியானோவில் வாசித்துக் காட்டினார். படைப்பு அவள் நினைவுக்கே காணிக்கையாக்கப்பட்டது. ஜனவரி 21, 1904 அன்று பிர்னோவில் முதலில் மேடையேறியது.

பிராக் மறுப்பும் திருத்தமும்

பிர்னோவில் வரவேற்பு இருந்தும் பிராக் தேசிய அரங்கு நாடகத்தை ஏற்கவில்லை. அதன் ஓபராத் தலைவர் கரெல் கொவர்ஜோவிட்ஸ். இந்த மறுப்புக்கு ஒரு பழைய கணக்கும் காரணமாகச் சொல்லப்படுவதுண்டு. 1887-ல் தான் நடத்திய இசை இதழில் கொவர்ஜோவிட்ஸின் 'மணமகன்கள்' என்னும் ஓபராவை யானாச்செக் கடுமையாக ஏளனம் செய்து எழுதியிருந்தார். பிறர் படைப்பில் சிவப்பு மையை அவரும் தாராளமாகவே பயன்படுத்தியவர்.

மரியே கால்மா-வெசெலா என்னும் பாடகி, அவருடைய கணவர் மருத்துவர் வெசெலி ஆகியோரின் முயற்சியால் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு பிராக் கதவு திறந்தது. நாடகத்தைத் தானே திருத்தி நடத்துவதாகக் கொவர்ஜோவிட்ஸ் நிபந்தனை விதித்தார். யானாச்செக் ஏற்றார். மே 26, 1916 அன்று நாடகம் பிராக்கில் வெற்றி பெற்றது. 1918-ல் வியன்னாவிலும் 1924-ல் நியூயார்க்கிலும் மேடையேறியது. வியன்னாவின் யூனிவர்சல் பதிப்பகம் வெளியிட்டதும் திருத்திய வடிவத்தையே.

கொவர்ஜோவிட்ஸ் செய்தது என்ன? சில பகுதிகளை வெட்டினார். வாத்தியங்களின் அடர்த்தியைக் கூட்டினார். இறுதியில் யெனூஃபாவும் லாட்சாவும் பாடும் பகுதிக்குப் பித்தளைக் குழல்களின் பெருமுழக்கத்தைச் சேர்த்தார். கேட்பவர் மனம் நெகிழும் முடிவு அது. ஆனால் காயம்பட்ட இருவர், வாழ்க்கை எப்படியிருக்கும் என்று தெரியாமலே சேர்ந்து நடக்கும் முடிவு அது. அதற்கு வெற்றி முழக்கம் பொருந்துமா என்பதே கேள்வி. யானாச்செக்கின் மூலத்தில் அந்த முடிவுக்கு ஒரு தயக்கம் உண்டு.

கொவர்ஜோவிட்ஸை முழுக் குற்றவாளியாக்குவதும் முறையன்று. அவர் திறமையான நடத்துநர். அக்காலச் செவிகளுக்கு எது எட்டும் என்று அறிந்திருந்தார். அவருடைய வடிவம் இல்லையென்றால் யெனூஃபா பிர்னோவிலேயே நின்றிருக்கக்கூடும். ஆனால், மேடையேற உதவிய ஏணியே நாளடைவில் படைப்பு என்று கொள்ளப்பட்டது. 1982-ல் சார்ல்ஸ் மெக்கரஸ், வியன்னா பில்ஹார்மோனிக் குழுவுடன் யானாச்செக்கின் வாத்திய அமைப்பை மீட்டு ஒலிப்பதிவு செய்த பிறகே பெரும்பாலான ரசிகர்கள் மூல ஒலியைக் கேட்டனர்.

கமிலாவும் இறுதிப் பத்தாண்டும்

1917-ல் லுகச்சோவிட்ஸே என்னும் நலவிடுதி ஊரில் கமிலா ஸ்டோஸ்லோவாவை யானாச்செக் சந்தித்தார். அவருக்கு வயது 63. கமிலா அவரைவிட ஏறத்தாழ 37 வயது இளையவர், மணமானவர். அதன் பிறகு யானாச்செக் அவருக்கு எழுநூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் எழுதினார். 1928-ல் எழுதிய இரண்டாம் நரம்பிசை நால்வர் படைப்புக்கு 'அந்தரங்கக் கடிதங்கள்' என்றே பெயரிட்டார்.

இறுதிப் பத்தாண்டின் படைப்பு வேகத்துக்குக் கமிலாவின் மீதான காதலே காரணம் என்பது பரவலான விளக்கம். கதையாகச் சொல்ல அது வசதியானது. ஆனால் யெனூஃபா முடிந்தது அவரைச் சந்திப்பதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன். பேச்சு மெட்டுக் குறிப்பேடுகள் அதற்கும் முந்தியவை. 1916-ல் கிடைத்த பிராக் வெற்றி, 1918-ல் செக்கோஸ்லோவாக்கியா விடுதலை பெற்றது, பள்ளிப் பொறுப்பிலிருந்து விடுபட்டது ஆகிய மூன்றும் சேர்ந்தே அவரை எழுத வைத்தன. கமிலா அந்த வேகத்துக்கு முகம் தந்தார், முறையைத் தரவில்லை. இந்தக் கதையில் அடிக்கடி மறைந்துபோகிறவர் மனைவி ஸ்டெங்கா. பதினாறு வயது நிரம்புமுன் மணமாகி, இரு குழந்தைகளையும் இழந்து, கணவரின் விலகலையும் தாங்கியவர். அவருடைய நினைவுக் குறிப்புகளையும் சேர்த்துப் படிப்பதே நியாயமானது.

'காத்யா கபனோவா' (1921) ஒஸ்திரோவ்ஸ்கியின் 'புயல்' நாடகத்தை அடிப்படையாகக் கொண்டது. 'தந்திரக்கார நரிக்குட்டி' (1924) நாளிதழில் படங்களுடன் வந்த தொடர்கதையிலிருந்து பிறந்தது. 'மக்ரோபுலோஸ் விவகாரம்' (1926) கரெல் சாப்பெக்கின் நாடகம். 'சின்ஃபோனியெட்டா' (1926) பித்தளைக் குழல்களின் அறிவிப்பிசையோடு தொடங்கி பிர்னோ நகரையே பாடுகிறது. அதே ஆண்டு இயற்றிய 'கிளகோலிய வழிபாட்டிசை' பழைய ஸ்லாவிய மொழியில் அமைந்தது. ஒரு நகரத்தின் இசையாசிரியராகவே பலரும் அறிந்திருந்த முதியவர், எழுபதாம் வயதை ஒட்டி ஐரோப்பாவின் புதுமையான இசையமைப்பாளர்களுள் ஒருவரானார்.

இவற்றில் என் மதிப்பீட்டில் முதலிடம் 'தந்திரக்கார நரிக்குட்டி'க்கு. நாயகியான நரி முடிவுக்கு முன்பே வேட்டைக்காரனின் குண்டுக்குப் பலியாகிறது. இசை அங்கே அழுவதற்கு நிற்பதில்லை. இறுதிக் காட்சியில் முதிய வனக்காவலர் காட்டில் ஒரு தவளையைக் காண்கிறார். அவர் முன்பு கண்டது தன் தாத்தாவை என்று தவளை சொல்கிறது. காலம் கடந்ததும் உயிர் தொடர்வதும் அந்த ஒரு சிரிப்பில் அடங்கிவிடுகின்றன. யானாச்செக்கின் இறுதிச் சடங்கில் இந்தக் காட்சியின் இசையே ஒலித்தது.

நண்பர்கள் செய்த திருத்தம்

யானாச்செக்கை உலகம் அறியச் செய்தவர் மாக்ஸ் பிராட். காஃப்காவின் கையெழுத்துப் படிகளைக் காத்த அதே பிராட். யானாச்செக்கின் நாடகங்களை ஜெர்மனில் மொழிபெயர்த்தார், 1924-ல் அவரைப் பற்றி முதல் வாழ்க்கை வரலாற்று நூலை எழுதினார். ஆனால் நரிக்குட்டி நாடகத்தின் மொழிபெயர்ப்பில் மனிதர் கதையையும் விலங்குகளின் கதையையும் தன் விருப்பப்படி இணைத்து, மூலத்தில் இல்லாத விளக்கங்களைச் சேர்த்தார். செக் மொழியில் சொல்லின் முதல் அசையில் அழுத்தம் விழும். அந்த அழுத்தத்திலிருந்தே பிறந்த இசை வேறு மொழியின் சொற்களைச் சுமந்து பரவியது அவருடைய வாழ்வின் பெரிய முரண்.

தஸ்தயேவ்ஸ்கியின் சைபீரியச் சிறை நூலிலிருந்து உருவான 'மரண வீட்டிலிருந்து' அவருடைய இறுதி ஓபரா. யானாச்செக் நிமோனியாவால் ஒஸ்ட்ராவாவில் இறந்தபோது அதன் மூன்றாம் அங்கம் அவருடைய மேசையில் இருந்தது. பக்கங்களில் வெற்றிடம் நிறைந்திருப்பதைக் கண்ட மாணவர்கள் பகாலாவும் க்லுப்னாவும் படைப்பு முடியவில்லை என்று கருதினர். வாத்தியங்களைக் கூட்டினர். கைதிகள் மீண்டும் வேலைக்கு விரட்டப்படும் முடிவை மாற்றி விடுதலைப் பாடலாக்கினர். 1930-ல் அந்த வடிவமே மேடையேறியது.

அந்த வெற்றிடம் தற்செயலானதன்று. பிற்காலத்தில் யானாச்செக் அச்சிட்ட இசைத்தாளைத் தவிர்த்து வெற்றுத் தாளில் தேவையான கோடுகளை மட்டும் தானே வரைந்து எழுதினார். கோடு இருந்தால் அதை நிரப்பத் தோன்றும் என்பதே காரணம். உச்சத்தில் கீச்சிடும் குழல், அடியில் உறுமும் டிராம்போன், நடுவே ஒன்றுமில்லாத வெளி என்பது அவர் தேர்ந்த ஒலி. சிறையின் வெறுமைக்கு அதைவிடப் பொருத்தமான ஒலி இல்லை. மாணவர்கள் ஆசிரியர்மீது கொண்ட அன்பால் அந்த வெறுமையை நிரப்பினார்கள்.

மதிப்பீடு

யானாச்செக்கின் இசையில் குறைகளே இல்லை என்பதல்ல. சிறு துணுக்குகளைத் திரும்பத் திரும்பச் சொல்வது சில இடங்களில் சலிப்பூட்டும். பாடகர்களுக்கும் வாத்தியக்காரர்களுக்கும் வசதியற்ற சுருதிகளில் எழுதினார். தன் படைப்பைத் தானே அழிக்கவும் தயங்கவில்லை. 1905-ல் பிர்னோவில் செக் பல்கலைக்கழகம் கோரிய போராட்டத்தில் கொல்லப்பட்ட தொழிலாளியின் நினைவாக எழுதிய பியானோ சொனாட்டாவின் ஒரு பகுதியை எரித்தார். மற்ற பகுதிகளை ஆற்றில் எறிந்தார். முதலில் வாசித்த பெண் கலைஞர் பிரதி எடுத்து வைத்திருந்ததால் இரு பகுதிகள் பிழைத்தன. ஆனால், தன் படைப்பை அழிப்பது படைப்பாளியின் உரிமை. அவர் விட்டுச்சென்றதை மாற்றும்போது கேட்பவருக்கு அதைச் சொல்லியாக வேண்டும்.

புதிய முறை ஒன்று தோன்றும்போது அது முதலில் பிழைபோலவே தெரியும். பயிற்சி பெற்ற செவிகளே அதை விரைவாகத் திருத்த முனையும். இது யானாச்செக்கின் வரலாறு மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் தரும் பாடம். கொவர்ஜோவிட்ஸ், பிராட், பகாலா, க்லுப்னா எவரும் அறியாமையால் திருத்தவில்லை. அறிந்த இசைக்கு ஏற்ப அறியாத இசையை வளைத்தார்கள்.

புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்கள் ஏறத்தாழ 25 நிமிடங்கள் நீளும் 'சின்ஃபோனியெட்டா'வில் தொடங்கலாம். ஹருகி முரகாமியின் '1க்யூ84' நாவல் வழியாகப் பல இளம் வாசகர்களுக்கு அது ஏற்கெனவே அறிமுகம். அடுத்து 'அந்தரங்கக் கடிதங்கள்', பிறகு வரிவடிவத்துடன் யெனூஃபாவின் இரண்டாம் அங்கம். ஓபராக்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஒலிப்பதிவு எந்த வடிவத்தைப் பின்பற்றுகிறது என்று உறையில் பார்த்துக்கொள்வது நல்லது. இயன்றால் யெனூஃபாவின் இறுதிப் பகுதியைத் திருத்திய வடிவத்திலும் மூல வடிவத்திலும் அடுத்தடுத்துக் கேட்கலாம். இக்கட்டுரை சொன்னதைச் சில நிமிடங்களில் காதாலேயே சோதித்துப் பார்த்துவிடலாம்.